எடை இறங்கும் வரைக்கும்

டொக்… டொக்… டொக். இதேதான் மாப்ள. நீங்க கீழ பாலத்தடியில திரும்பும்போதே எனக்கு இங்க கேட்டுருச்சு. காரு கண்ணுல படல. மிளகுக் கொடி மறைச்சுக்கிட்டு இங்கருந்து ரோட்டே தெரியாதே. சத்தம் மட்டும் ஏறி ஏறி வருது. குழிக்கு ஒரு டொக். உங்க அத்தைக்கிட்ட சொன்னேன், சந்திரகாந்தா, மாப்பிள்ள வாறாரு, தண்ணிய அடுப்புல வையின்னு. நீங்க வாசல்ல வந்து ஹோர்ன் அடிக்கிறப்ப பிளேன்டீ கலக்கியே ஆச்சு. பாத்தீங்கதானே?

இல்லல்ல, ஷொக் அப்சோபர் இல்ல. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. புதுசு மாத்தியும் சத்தம் நிக்கலயா? எப்பிடி நிக்கும்? சத்தம் வாற எடம் ஒண்ணு, கோளாறு இருக்குற எடம் இன்னொண்ணு. இந்தா, இத கையில புடிச்சுப் பாருங்க. உங்க காருலருந்து கழட்டுன புஷ்ஷு. நடுவுல இரும்புக் குழாய், சுத்தி ரப்பர். ரப்பர் எப்பிடிக் கிழிஞ்சு கெடக்குது பாருங்க, நாய் கடிச்ச சப்பாத்து மாதிரி. பின் சில்லு ரெண்டையும் சேத்துப் புடிச்சிருக்கே இந்தப் பெரிய பீமு, இது ரெண்டே ரெண்டு எடத்துலதான் பாடியோட மாட்டியிருக்கு. இந்தப் பக்கம் ஒரு போல்ட்டு, அந்தப் பக்கம் ஒரு போல்ட்டு, நடுவுல இந்த ரப்பர். அம்புட்டுத்தான். பின் சீட்டுல யாரு இருக்காங்களோ அவங்க உசுரு இந்த ரெண்டு போல்ட்டுலதான் இருக்கு.

பின் சீட்டுலதானே நிரஞ்சனி பிள்ளைய வச்சுக்கிட்டு இருப்பா.

அவளா? கோயிலுக்குப் போயிருக்கா. பேத்தியையும் கூட்டிக்கிட்டுத்தான். கிளம்ப முந்தி ஒரு கும்புடு போட்டுட்டு வாறேன்னா. பொட்டி எல்லாம் கட்டி முடிச்சாச்சு, அதுக்கு நீங்க யோசிக்க வேணாம். பதினஞ்சு நாளு அப்பன் வீட்டுல இருந்தது போதும்னு அவளுக்கே தோணிருச்சு போல. இல்லாட்டி இவ்வளவு சுருக்கா துணி மடிப்பாளா?

நான் சொன்னேனா இல்லயா, இன்னைக்கு போயா, பௌர்ணமி லீவு. உக்குவளையிலருந்து மாத்தளை வரைக்கும் போனாலும் ஒரு கராஜ் தொறந்திருக்காது. உங்க இரும்புக்கடையும் பூட்டுத்தானே, அதனாலதானே வந்தீங்க. பின்ன, பொஞ்சாதி பிள்ளைய இந்தச் சத்தத்தோட ஏத்திக்கிட்டு உங்க ஊரு நாவுல வரைக்கும் போவீங்களா? நான் பாத்துக்கிட்டு இருப்பேனா? மாமனாருன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?

ஆமா, சொல்லிக்காம கழட்டினது தப்புத்தான். நீங்க சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. சும்மா ஜாக்குல ஏத்திப் பாப்போம்னுதான் ஏத்துனேன். சில்லக் கழட்டுனேன். பிறகு ஸ்பிரிங்கு. பிறகு கை நிக்கல.

சரி, இப்ப புதுப் புஷ்ஷு ரெண்டையும் அமுக்கி ஏத்தியாச்சு. இனி பீம தூக்கி போல்ட்ட மாட்டணும். அது ஒத்தக் கையால நடக்குற வேல இல்ல. கீழ ஒருத்தர் படுத்து இதத் தூக்கிப் புடிக்கணும், மேல ஒருத்தர் ஓட்டையப் பாத்து போல்ட்ட ஏத்தணும். எனக்கு இடுப்புச் சரியில்ல. பதினேழு வருஷமா ராத்திரி ராத்திரியா கதிரையில உக்காந்தே காவல் காத்தவன் இடுப்பு எப்பிடி இருக்கும்? நீங்கதான் மாப்ள படுக்கணும். சாக்கு விரிச்சிருக்கேன். சட்டையக் கழட்டிருங்க, கிரீஸ் பட்டா போகாது.

சிரிக்காதீங்க. மாப்பிள்ளைய மண்ணுல மல்லாக்கப் படுக்க வச்ச மொத மாமனாரு இந்தத் தோட்டத்துல நாந்தான். கலியாணத்தண்ணைக்கு உங்க காலுக்குத் தண்ணி ஊத்துனவன். இப்ப உங்க காலு மட்டும்தான் வெளிய தெரியுது. அந்தா, மேல் லயத்து வேலம்மா எட்டிப் பாக்குது. பாத்துட்டுப் போகட்டும்.

போன் பாக்கெட்டுலயா இருக்கு? குடுங்க குடுங்க, நசுங்கிறப் போகுது. வாட்ச்சையும் குடுங்க. கார்ச் சாவி? அதுவும் தொடையில குத்தும். எல்லாத்தையும் லேஞ்சித் துணியில சுத்தி அந்தக் கதிரை மேல வக்கிறேன். எங்கயும் போகாது.

வலது பக்கம் நீங்க தாங்குங்க, இடது பக்கம் உங்க காரோட குட்டி ஜாக்கு தாங்குது. ஆ, அப்பிடி. பாரமா? இருபத்தஞ்சு கிலோ இருக்கும். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா மடக்கிக்கங்க, அப்பத்தான் கை சோராது. காரு விழாது மாப்ள, பயப்படாதீங்க. பெரிய ஜாக்கு இருக்கு, போதாததுக்குப் பலாக் கட்ட வேற முட்டுக் குடுத்திருக்கேன்.

புஷ்ஷு எங்கருந்து வந்துச்சுன்னா? வாங்கி வச்சிருந்தேன். போன கெழம மாத்தளை டவுனுக்குப் போனேனே, அப்ப. சரியா உங்க காருக்கு உள்ளது.

நீங்க வருவீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியுமா? என்ன மாப்ள இப்பிடிக் கேக்குறீங்க. மொதத் தடவ அவ வந்தப்ப பதினாலாம் நாள் வந்தீங்க. ரெண்டாந் தடவ பதினஞ்சாம் நாள். மொதல் கெழமை போன்ல ஏசுவீங்க. ரெண்டாங் கெழமை போன்ல அழுவீங்க. பிறகு அப்பிளும் திராட்சையும் வாங்கிக்கிட்டு வந்து நிப்பீங்க. நான் காவல்காரன். யாரு எப்ப வருவான்னு கணக்கு வச்சுக்கிட்டுத்தானே தொழிலே. கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் மேல தூக்குங்க. இன்னும். புஷ்ஷோட கண்ணும் பாடியில உள்ள ஓட்டையும் ஒண்ணா வரணும், அப்பத்தான் போல்ட்டு போகும். இல்ல, தாண்டிப் போச்சு. எறக்குங்க.

இத யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. பலீல் முதலாளிட மசாலா ஸ்டோர்ல ராத்திரி என்ன வேல? கேட்டப் பூட்டுறது, டோர்ச் அடிச்சு ஒரு சுத்து சுத்துறது, பிறகு மிளகு மூட்டைக்கும் கராம்பு மூட்டைக்கும் நடுவுல கண்ண முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்குறது. தூங்குனா முதலாளி ஏசுவாரு, முழிச்சிருந்தா நெனப்பு ஏசும். போன்ல வீடியோ பாக்கத் தொடங்குனேன். ஒரு வெள்ளக்காரன், தன் வீட்டு முத்தத்துலயே காரக் கழட்டி மாட்டுவான். அவன் பேசுறது ஒண்ணும் வெளங்காது. சத்தத்த நிப்பாட்டிட்டு அவன் கையை மட்டும் பாப்பேன். கை பொய் சொல்லாது மாப்ள. வாய்தான் என்னென்னமோ சொல்லும்.

மொத மொதல்ல முதலாளிட பழைய காரத்தான் தொட்டேன். இதே வேலதான். இதே முத்தம். கொண்டு வந்து நிப்பாட்டிட்டு முதலாளி சொன்னாரு, லெட்சுமணன், கெடுத்தா ஒன்னையத்தான் சில்லா மாட்டி ஓட்டுவேன்னு. ரெண்டு நாளு. புதுப் புஷ்ஷு போட்டேன். போல்ட்ட ஏத்தி, அங்கயே, காரு தூக்கி நிக்கும்போதே, சில்லு அந்தரத்துல தொங்கும்போதே, பல்லக் கடிச்சுக்கிட்டு இறுக்கினேன். எம்மாம் பலமோ அம்மாம் பலம். நல்லா இறுக்குனா நல்லா இருக்கும்னுதானே நெனப்போம்? காரும் நல்லாத்தான் ஓடுச்சு. முதலாளி வீட்டுக்கே கூப்பிட்டு, அவரு பொஞ்சாதி அபீபா ராத்தா கையால வட்டிலப்பம் எல்லாம் தந்தாங்க.

மூணாங் கெழமை ரெண்டு புஷ்ஷும் கிழிஞ்சு போச்சு. புது ரப்பர்!

எங்க பிழ வுட்டேன்னு கண்டுபுடிக்க ஒரு மாசம் ஆச்சு. அந்த வெள்ளக்காரன் வீடியோவத் திரும்பத் திரும்பப் பாத்தேன். பாத்தா, அவன் தூக்கி வச்சிருக்கும்போது போல்ட்ட இறுக்கவே மாட்டான். கையால மட்டும், இந்தா இப்பிடி, ரெண்டு விரலால திருகி வுட்டுருவான். பிறகு சில்ல மாட்டி, கார எறக்கி, மண்ணுல நிக்க வச்சு, எடை எல்லாம் எறங்குனதுக்குப் பிறகுதான் ஸ்பேனரப் போட்டு இறுக்குவான். ஏன்னா தொங்குறப்ப ரப்பர் ஒரு கோணத்துல இருக்கும், நிக்கிறப்ப வேற கோணம். தொங்குன கோணத்துலயே இறுக்கிப்புட்டா, கார எறக்குன நிமிஷத்துலருந்து ரப்பர் முறுகிக்கிட்டே கெடக்கும். பாக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கிழியும்.

நான் எத்தனையோ விஷயத்த அப்பிடித்தான் அவசரப்பட்டு இறுக்கியிருக்கேன்.

ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். தூக்குங்க. தூக்குங்க… ம்ம்ம், போகுது போகுது, ஆ! மாட்டிருச்சு. பாதி ஏறிருச்சு. இப்ப விட்டுராதீங்க. போல்ட்டு பாதியில நிக்குது, நீங்க விட்டா பீமு திரும்பி உங்க நெஞ்சுலதான் எறங்கும். அசையாம புடிங்க. மத்தப் பக்கமும் வந்துருச்சுன்னா பிறகு கைய எடுக்கலாம்.

ஓம், இன்னைக்கும் கையாலதான் திருகி வுடுவேன். கடைசி இறுக்கு கார எறக்குன பிறகு. நடுவுல யாராச்சும் கூப்பிட்டு, ஒரு பேச்சு வந்து, மறந்து, அப்பிடியே கார எடுத்துக்கிட்டுப் போனா என்னாகுமா? மொதல்ல ஒண்ணும் ஆகாது. அதுதான் இதுல உள்ள குணம். உக்குவளை டவுன தாண்டுவீங்க, மாத்தளை தாண்டுவீங்க. நட்டு ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமா கழரும். நாலந்தா ஏத்தம் ஏறி எறங்குறப்ப, ஒரு வளைவுல பிரேக்க அமுக்குவீங்க. முன்பக்கம் நிக்கும். பின்பக்கம் வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போகும். பிறகு பொலிஸ் வந்து பாத்து, வேகமா ஓட்டிட்டாருன்னு எழுதிக்கிட்டுப் போகும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

கேட்டீங்க, சொன்னேன். ஏன் பேச்ச மாத்தணும்?

ஷ்ஷ். ஒரு நிமிஷம்.

கேட்டுச்சா? ரெயில் ஊதுது. மாத்தளையிலருந்து வாறது. இப்ப உக்குவளை ஸ்டேஷனுக்குள்ள நுழையுது. எனக்கு இந்தச் சத்தம் எல்லாம் பழக்கம். இன்னும் ஒரு தடவ ஊதும், கிளம்புறப்ப. கொஞ்சம் பொறுங்க, பேசாதீங்க.

…ஊதிருச்சு. போகுது. கண்டிக்கு.

நேரத்துக்குத்தான் வந்திருக்கு, நல்ல காலம். ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா கேட்டுப் பாத்தேன். போயா நாள்னா சிலநேரம் பிந்திரும்.

நிரஞ்சனி? உள்ள குளிக்கிறா. கோயில்னு சொன்னேனா? ஓம், போயிட்டு வந்துட்டா, பின்பக்கமா வந்தா. நீங்க காருக்கடியில இருந்தா எப்பிடித் தெரியும்? சந்திரகாந்தா, ஏய், மாப்பிள்ளைக்கு இன்னொரு பிளேன்டீ… வேணாமா? சரி, படுத்துக்கிட்டு எப்பிடிக் குடிப்பீங்க, அதுவும் சரிதான்.

போன் அடிக்குதா? உங்க அம்மாவா இருக்கும். அடிக்கட்டும். இப்ப என் கையெல்லாம் கிரீஸ்.

கை சோந்து போச்சா? கொஞ்ச நேரம்தான். இடது பக்கத்துக்குப் போறேன். அங்க பலாக் கட்ட ஒண்ணு இடைஞ்சலா இருந்துச்சு, அத அப்பவே எடுத்துட்டேன். ம்? ஓம், எடுத்துட்டேன். ரெயில் ஊதுறதுக்குக் கொஞ்சம் முந்தி. இல்ல, விழாது. பெரிய ஜாக்குல நிக்குதுதானே. இப்ப காரு முழுசும் அதுல மட்டும்தான் நிக்குது. பழைய ஜாக்கு, ஆனா பரவாயில்ல. இந்த வால்வு இருக்கே, இது எறக்குறதுக்கு. கால்வாசி திருப்புனா போதும், தானா எறங்கிரும். நான் தொடல. கைப்பிடியில கைய வச்சிருக்கேன், அம்புட்டுத்தான்.

அசையாதீங்க மாப்ள. சொல்றேன்ல. நீங்க அசைஞ்சா காரு அசையும்.

மொதத் தடவ அவ வந்தப்ப மணிக்கட்டு வீங்கியிருந்துச்சு. கதவுல இடிச்சுக்கிட்டேன்னா. நான் நம்புனேன். நம்புறது லேசா இருந்துச்சு. நீங்க வந்தீங்க, நானே வெத்தலத் தட்டு வச்சு, பழம் வச்சு, நாலு பெரியவங்கள உக்கார வச்சு சமாதானம் பேசி, இதே காருல, இதே பின் சீட்டுல ஏத்திவுட்டேன். அவ கண்ணாடிய எறக்கல. உங்க அத்தை ஒரு மாசம் என்கூடப் பேசல. சோத்தப் போட்டு வச்சுட்டுப் போயிரும்.

ரெண்டாந் தடவ பொலிஸுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன்னு உங்களுக்குத் தெரியும். குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கங்கன்னாங்க. நீங்க வந்து அங்க இருந்தவங்க எல்லாரயும் பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க. ஒருத்தர் உங்களுக்குக் கதிர எடுத்துப் போட்டாரு. நானும் நிரஞ்சனியும் நின்னுக்கிட்டு இருந்தோம். அங்கருந்து வெளிய வந்து அவ என்னய ஒரு பார்வ பாத்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? போம்மா, பிள்ளைக்காகன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். தொங்கிக்கிட்டு இருந்தப்பவே இறுக்கிட்டேன்.

நீங்க அப்பிடிச் செய்யல, அவ வாய்க்கு வாய் பேசுறா, நீங்க தள்ளத்தான் செஞ்சீங்க. சரி. கேட்டுக்கிட்டேன். நீங்க வலது கைப் பழக்கம்தானே? ஓம், பாத்தேன், இடது கையிலருந்து வாட்ச்சக் கழட்டுறப்ப.

இந்தத் தடவ அவ ஒரு வார்த்த சொல்லல. கையில காயம் இல்ல, முகத்துல இல்ல. நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சேன். தர்ஷிகாதான் காட்டிக் குடுத்துச்சு. அஞ்சு வயசுப் பிள்ள. அம்மாகிட்ட ஏதும் கேக்கணும்னா, அவ இடது பக்கம் நிக்கிறப்ப பிள்ள அங்கருந்தே கேக்காது. சுத்திக்கிட்டு வந்து, வலது பக்கம் நின்னு, பிறகுதான் வாயத் தொறக்குது. விளையாடும்போது, சாப்பிடும்போது, படுக்கும்போது, எப்பவும். ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். அந்தப் பக்கத்துக் காது தூங்குது தாத்தான்னுச்சு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சவ்வு கிழிஞ்சிருக்குன்னாங்க. புதுசா இல்லயாம். திரும்பத் திரும்ப அடி பட்ட மாதிரியாம்.

வலது கையால அடிச்சா இடது காதுலதான் விழும் இல்ல?

சத்தம் போடாத. சத்தம் போட்டா மேல் லயத்துலருந்து வேலம்மா வரும், வந்து என்ன செய்யும்? காரத் தூக்குமா? கையையும் எடுக்காத, பீமு எறங்கிரும். பேசாம நான் சொல்றதக் கேளு. நான் பேசுறப்ப நீ சும்மா இருந்த நாள் இதுதான் மொத நாள்.

நீன்னு சொல்லிட்டேனா? ஓம். ஏழு வருஷமா நீங்க வாங்கன்னு சொல்லி வாய் வலிச்சுப் போச்சு.

காலையிலருந்து இத நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒன்கிட்ட எதுக்கு மறைக்கணும். ஒரு கால்வாசி திருப்பு. ஜாக்கு பழசு, வழுக்கிருச்சு, நான் என்ன செய்யிறதுன்னு அழுதிருப்பேன். நெசமாவே அழுதிருப்பேன். போயா நாளு, ராத்திரி வேல முடிஞ்சு தூக்கமில்லாம வந்த கிழவன், வீடியோ பாத்துப் படிச்சவன். யாரும் சந்தேகப்பட மாட்டான். கட்டைய ஏதோ ஒரு நட்ட எடுக்குற மாதிரித்தான் எடுத்து வச்சேன். எனக்கே பயமாப் போச்சு.

அழாத. வேர்வையா? சரி, வேர்வை.

அவ கண்டுபுடிச்சுட்டா. நான் பெரிய ஜாக்க தொடச்சு வச்சத காலையில பாத்திருக்கா. தர்ஷிகாவ தூக்கிக்கிட்டு வந்து, என் கையைப் புடிச்சு பிள்ள தலையில வச்சு, அப்பா, அவர வேல முடியிற வரைக்கும் புடிச்சு மட்டும் வைங்க, வேற ஒண்ணும் வேணாம், சத்தியம் பண்ணுங்கன்னா. பண்ணுனேன். பிள்ள தலை சூடா இருந்துச்சு.

இந்தா, கட்டையத் திரும்ப வச்சாச்சு. தட்டிக் காட்டுறேன், கேக்குதா? பலாக் கட்டதான். இப்ப மூச்சு வுடு. இடது பக்கத்து போல்ட்டும் ஏறிருச்சு. கையால திருகிட்டேன். இனி பீமு விழாது. கைய எடு. மெதுவா வெளிய வா, தலையப் பாத்து. அந்தா, சாக்கு விரிச்சும் முதுகெல்லாம் மண்ணு.

உள்ள போய்ப் பாக்கணுமா? போய்ப் பாரு. உங்க அத்தை மட்டும்தான் இருக்கும். பேசாது.

அவ போயிட்டா. நீ சோத்துல கைய வக்கிறப்பவே பின்கதவால எறங்கிட்டா. பொட்டிய நேத்தே கீழ கொண்டு போய் வச்சாச்சு. கொக்கோத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில பிள்ளைய வச்சுக்கிட்டு நடந்தா முக்கால் மணித்தியாலம். நான் ஸ்பிரிங்கக் கழட்டுறப்ப அவ ஆத்தத் தாண்டியிருப்பா. அந்த ரெயில்ல போனது அவதான். இன்னும் கொஞ்ச நேரத்துல கண்டியையும் தாண்டிருவா.

எங்கன்னு கேக்காத. எனக்குத் தெரியாது. பொய் இல்ல. அவ சொல்ல வாயெடுத்தா, நான்தான் சொல்லாதன்னேன். சொன்னா நீ இன்னொரு நாள் அப்பிள் பையோட இந்த வாசல்ல வந்து நின்னு அழுவ. நான் சொல்லிருவேன். ரெண்டு தடவ உன்கிட்ட ஒப்படைச்சவன்தானே நான், என்னயப் பத்தி எனக்குத் தெரியும். போன் நம்பரும் மாத்திருவா. எனக்கும் அடிக்க மாட்டா. அந்தப் பிள்ள எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்னுகூட எனக்குத் தெரியாது.

இந்தா உன் போன். சாவி. வாட்ச்சு.

சாவிய வாங்கிக்கிட்டு எங்க போற? சில்லே மாட்டல. நில்லு. கையால திருகுன போல்ட்டோட உன்னய அனுப்ப மாட்டேன். உனக்காக இல்ல. அந்த நாலந்தா வளைவுல எதுத்தாப்புல பஸ்ஸு வரும், பஸ்ஸுல சனம் இருக்கும். எடை எறங்கட்டும், முறையா இறுக்கித் தாறேன். பிறகு நீ எங்க வேணும்னாலும் போ, யார வேணும்னாலும் பேரு சொல்லிக் கூப்பிடு.

அந்தக் கதிரைக்கடியில டின்னுக்குள்ள சில்லு நட்டு எட்டு கெடக்கும். மண்ணு ஒட்டியிருக்கு. துணி இருக்கு பாரு, தொடச்சுத் தொடச்சு ஒண்ணு ஒண்ணா இப்பிடிக் குடு.